பனிமுயல்களின் வெற்றி ஆண்டு

பேர்பெச்சுவாவுக்கு ஒருவரின் முகத்தைவிடக் கால்தான் முதலில் கண்ணில் படும். ஆஹென் நகரத்து ஐஸ் மண்டபத்தில், சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் சாளரத்தில் பத்து வருடமாக நின்றதால் வந்த பழக்கம். வரிசையில் வருகிறவர் வாய் திறக்கும் முன்பே நாற்பத்திரண்டோ நாற்பத்தைந்தோ, சரியான அளவுச் சோடியை எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். ஒருமுறை தமிழ்த் திருப்பலிக்கு வந்த ஆயர் எதிரில் நின்று ஆசீர்வதித்தபோது, ‘நாற்பத்தொன்று, அகலப் பாதம்’ என்று மனதுக்குள் ஓடிவிட்டது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு கிழமை யோசித்தாள்.

மன்னார் பேசாலைக்காரி. எண்பத்தெட்டில் கணவர் லோறன்ஸுடன் ஜேர்மனிக்கு வந்து, அகதி விடுதி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், பள்ளிக்கூடத் துப்புரவு என்று சுற்றி, தொண்ணூற்றாறில் இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். சப்பாத்து கொடுப்பாள், திரும்ப வாங்குவாள், ஈரம் துடைப்பாள், வெள்ளிக்கிழமைகளில் சப்பாத்தின் அடியிலுள்ள இரும்பு அலகை இயந்திரத்தில் வைத்துத் தீட்டுவாள். ஆனால் ஐஸின் மேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

“ஐஸ் எண்டால் மீனுக்குப் போடுறது,” என்பாள். “அதிலை மனிசர் ஏறி நிக்கிறதுக்கு என்ன வந்தது?”

பல்கலைக்கழக மாணவர்களின் ஐஸ் ஹாக்கி அணி அந்த மண்டபத்தில்தான் விளையாடும். ‘ஷ்னேஹாசன்’ என்று பெயர். பனிமுயல்கள் என்று அர்த்தம். முயல் என்று பெயர் வைத்தால் முயல் மாதிரித்தானே ஓடுவார்கள் என்று லோறன்ஸ் சிரிப்பார். ஆறு கல்லூரி அணிகள் சேர்ந்த ஒரு சின்ன லீக்கில், வருடத்துக்குப் பத்து ஆட்டம் ஆடுவார்கள். 2005 குளிர்காலத்தில் பத்திலும் தோற்றார்கள். பேர்பெச்சுவா எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் நடைவழியில் போகும் சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு மூன்று கோலில் தோல்வியா எட்டுக் கோலில் தோல்வியா என்று சொல்லிவிடுவாள்.

அடுத்த வருடம் ஒக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாளரத்தைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கோல் கம்பத்துக்கு முன்னால் தலையணை மாதிரிக் கவசங்களைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவனின் முதுகில் ஒரு பெயர் ஒரு கக்கத்தில் தொடங்கி மறு கக்கத்தில் முடிந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் அக்குளுக்குள் மடிந்திருந்தன. எழுத்துக்கூட்டிப் படித்தாள். மகேந்திரராஜா.

“ஐயோ, எங்கடை பிள்ளையெல்லே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

டோட்முண்டில் இருக்கிற மகேந்திரராஜா, கலாதேவி தம்பதியின் மகன் அனுஜன். இயந்திரப் பொறியியல் படிக்க வந்தவன். கோல்காப்பாளராக நிற்க வேறு ஒருவரும் முன்வராததால் அவனை நிறுத்தியிருந்தார்கள். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கறுப்பு இறப்பர் வட்டு ஒன்று வெடிமாதிரி வருகிறது, எங்கள் பிள்ளை அதற்குக் குறுக்கே விழுகிறான். கையில் கைப்பையோடு, தண்டனை பெற்ற வீரர்களை இருத்தி வைக்கும் பெட்டிக்குப் பக்கத்து மூலையில் நின்று, முழு ஆட்டத்தையும் பார்த்தாள். பனிமுயல்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள்.

அன்றைக்குப் பார்வையாளர் அவளோடு சேர்த்து நான்கு பேர். அதில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் கியூப்பேர்ஸ், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பதினான்கு வருடத்துக்கு முன்பு இந்த அணி தொடங்கிய நாளிலிருந்து ஒரு மேளத்தோடு வந்து, அடிக்கச் சந்தர்ப்பம் கிடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர். மற்றவன் பார்த்தசாரதி, திருச்சியிலிருந்து முதுகலை படிக்க வந்தவன். குளிருக்குப் பயந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குல்லா போட்டிருப்பான். கிரிக்கெட் இல்லாத நாட்டில் கணக்குப் போட ஏதாவது வேண்டுமே என்று இங்கே வந்தவன்.

அடுத்த ஆட்டத்துக்கு அவள் வேறொரு பக்கமாகப் போகப் பார்த்தபோது கியூப்பேர்ஸ் மறித்துவிட்டார். கணவர் பெயரைச் சேர்த்து, திருமதி என்ற அர்த்தத்தில் ‘ஃபிறாவ் லோறன்ஸ்’ என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

“ஃபிறாவ் லோறன்ஸ், போன தடவை நீங்கள் அந்த மூலையில் அல்லவா நின்றீர்கள்?”

“ஓம். அதுக்கென்ன?”

“அங்கேயே நில்லுங்கள். கைப்பையையும் அதே கையில் பிடியுங்கள்.”

அதே கையில் பிடித்தாள். பனிமுயல்கள் வென்றார்கள். மூன்றாவது ஆட்டமும் வென்றார்கள். அதோடு மூன்று பேருக்கும் தலை கால் புரியவில்லை.

கியூப்பேர்ஸ் வெற்றிக் கிண்ணத்தின் உயரத்தை லீக் செயலாளரிடம் கேட்டு எழுதி, அந்த அளவுக்குக் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்யத் தொடங்கிவிட்டார். பார்த்தசாரதி மடிக்கணினியில் ஒரு அட்டவணை செய்து, “ஆன்ட்டி, இதே ட்ரெண்ட் போச்சுன்னா பத்துக்குப் பத்து. மேத்ஸ் பொய் சொல்லாது” என்றான். பேர்பெச்சுவா ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், கோயில் சிநேகிதி ரஞ்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கடை ஆக்கள் மூண்டு தரமும் வெண்டிட்டினம்” என்றாள்.

“எந்த எலக்சன் அக்கா?” என்று கேட்டாள் ரஞ்சினி.

நவம்பர் கடைசியிலிருந்து பனிமுயல்கள் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார்கள். இதனால் யாருடைய நம்பிக்கையும் குறைந்ததாகத் தெரியவில்லை. முதல் தோல்விக்கு எதிரணி மண்டபத்து விளக்கு கண்ணைக் கூசவைத்தது காரணம். இரண்டாவதற்கு, அணித் தலைவனுக்கு மறுநாள் வெப்பவியல் பரீட்சை. மூன்றாவதற்கு ஐஸ் தண்ணீராக இருந்ததாம். ஐஸ் வேறு எப்படி இருக்கும் என்று லோறன்ஸ் கேட்டார். நான்காவது, மலைப்பக்கத்தில் ஹோல்ஸ்பாஹ் என்ற ஊர்க் கல்லூரியிடம், அவர்கள் மண்டபத்தில். ஒன்பதுக்கு ஒன்று. அந்த அணியின் ஒன்பதாம் இலக்கக்காரன் தனியே நான்கு கோல் போட்டான். வரும் வழியில் பஸ்ஸில் கியூப்பேர்ஸ் சொன்னார்:

“ஆனால் நாங்கள் போட்ட அந்த ஒரு கோல் இருக்கிறதே, இந்த வருடம் லீக்கிலேயே அதுதான் அழகு.”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பேர்பெச்சுவா அந்த நேரம் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்ததால் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. ஆனாலும் அதுதான் அழகு என்று அவளும் நம்பினாள்.

பெப்ரவரியில் இரண்டு ஆட்டம் வென்றார்கள். ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. கிண்ணம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கியூப்பேர்ஸின் மனைவி அந்த அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் பார்த்தசாரதி ஒரு கண்டுபிடிப்போடு வந்தான்.

“ஆன்ட்டி, லாஸ்ட் மேட்ச் தோக்காம இருந்தா போதும். வின்ஸ் அதிகம், லாஸ் கம்மி. அதுக்குப் பேரு வின்னிங் சீசன். பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட இந்த டீம் பண்ணினதில்ல!”

“தோக்காட்டில் காணுமோ?”

“காணுமா? எதைக் காணோம் ஆன்ட்டி?”

“போதுமோ எண்டு கேக்கிறன் தம்பி.”

“ஓ. போதும், போதும்.”

செய்தி மாணவர் விடுதிகளில் பரவியது. கடைசி ஆட்டம் மார்ச் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, சொந்த மண்டபத்தில். எதிரணி ஹோல்ஸ்பாஹ். ‘வெற்றி ஆண்டு’ என்று துணியில் எழுதி, ஆட்டம் தொடங்கும் முன்பே கட்டிவிட்டார்கள். நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். கியூப்பேர்ஸ் மூன்று தடவை எண்ணிப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு ஹோல்ஸ்பாஹ் பஸ் வந்தது. பத்து நிமிடத்தில் உடைமாற்றும் அறைக்குள் பெரிய சத்தம். பிறகு அமைதி. பிறகு அவர்களுடைய தலைவன், ஒரு நெட்டையன், மார்புக் கவசம் முழங்கால் கவசம் எல்லாம் பூட்டி, காலில் வெறும் காலுறையோடு பேர்பெச்சுவாவின் சாளரத்துக்கு வந்தான். நாற்பத்தாறு, ஒடுங்கின பாதம்.

அவர்களுடைய சப்பாத்துகளைக் கழுவி, தங்கள் ஊர் மண்டபத்தில் காயவைக்கும் அறையில் தொங்கவிட்டிருந்தார்களாம். பஸ்ஸில் ஏற்றியது அவன் என்று இவன் நினைக்க, இவன் என்று அவன் நினைக்க, பன்னிரண்டு சோடியும் இரண்டரை மணி நேரத் தூரத்தில் காய்ந்துகொண்டு இருந்தன. நான்கரைக்குள் ஐஸில் இறங்காவிட்டால் லீக் விதிப்படி எதிரணிக்கு வெற்றி.

“உங்களிடம் பன்னிரண்டு சோடி கிடைக்குமா?” என்று கேட்டான்.

அவள் சாளரத்துக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள். ‘வாடகைச் சப்பாத்து பொதுச் சறுக்கு நேரத்துக்கு மட்டும்.’ பத்து வருடமாக அந்தப் பலகையை அவள் துடைத்திருக்கிறாள். ஒருநாளும் அது இவ்வளவு நல்ல பலகையாகத் தெரிந்ததில்லை. நெட்டையன் அதை வாசித்தான். “புரிகிறது. நன்றி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். கெஞ்சினால்கூடப் பரவாயில்லை. நன்றி சொல்லிவிட்டல்லவா போகிறான்!

அதற்குள் விஷயம் ஆட்களிடம் போய்விட்டது. கியூப்பேர்ஸ் மேளத்தை அடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

“ஃபிறாவ் லோறன்ஸ், விதி என்றால் விதி! நீங்கள் சும்மா நின்றால் போதும். வெறுமனே நில்லுங்கள்!”

“வாக்ஓவர் ஆல்சோ வின்தான் ஆன்ட்டி,” என்றான் பார்த்தசாரதி. அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

மண்டப மேலாளருக்கு ஞாயிறு விடுமுறை. அவள் கைத்தொலைபேசியில் வீட்டுக்கு அடித்தாள்.

“இஞ்சேருங்கோ, ஒரு பிரச்சினை,” என்று எல்லாவற்றையும் சொன்னாள். “நான் இப்ப என்ன செய்ய?”

“இவ்வளவு நாளும் நீ என்னைக் கேட்டே எல்லாம் செய்யிறனி?” என்றார் லோறன்ஸ். “எனக்குக் கறி அடிப்பிடிக்குது. வைக்கிறன்.”

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். நடைவழி வாங்கில் பன்னிரண்டு பெடியன்கள், மேலே போர்வீரர் மாதிரிக் கவசமும் கீழே காலுறையுமாக, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. ஒருவரும் யாரையும் திட்டவில்லை; திட்டி முடித்துவிட்டார்கள் போலும். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, மறுபடி நாற்பத்து நான்கு, அந்தப் பெருவிரல்காரன் நாற்பத்தைந்து, கடைசியில் இருந்தவன் நாற்பத்தொன்று. பன்னிரண்டும் மனதுக்குள் அடுக்கி முடிந்துவிட்டது. அடுக்கி முடிந்த பிறகு சும்மா நிற்க அவளால் முடியவில்லை.

“வாங்கோ,” என்று தமிழிலேயே கூப்பிட்டாள். பிறகு ஜேர்மனில், “ஓடி வாருங்கள், நேரம் போகிறது!” என்றாள்.

கியூப்பேர்ஸின் மேளம் நின்றது. தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாளரத்துக்குள் இரண்டு தட்டு. வலப்பக்கத் தட்டில் வெள்ளிக்கிழமை தீட்டினவை. இடப்பக்கத்தில் இன்னும் தீட்டாத மொட்டைகள். பதினொரு பேருக்கும் வலப்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவதாக வந்தவன் அந்தப் பெருவிரல்காரன். சட்டையில் ஒன்பதாம் இலக்கம். நான்கு கோல் போட்ட அதே ஒன்பது. அவளுடைய கை வலப்பக்கம் போய், கொஞ்சம் நின்று, இடப்பக்கத்துக்குத் திரும்பியது. நீலப் பிளாஸ்டிக் சோடி ஒன்று, நாற்பத்தைந்து. அலகில் தக்காளியும் வெட்டேலாது. அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

“மிக்க நன்றி,” என்றான் அவன்.

முதல் பகுதி ஆட்டம் இருபது நிமிடம். அதுவரை வாடகைச் சப்பாத்தில் விளையாடிப் பழகாத ஹோல்ஸ்பாஹ் பெடியன்கள் புதிதாக நடக்கப் பழகும் குழந்தைகளைப் போலச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார்கள். பனிமுயல்கள் மூன்று கோல் போட்டார்கள். மேளம் மறுபடி எழும்பியது. கியூப்பேர்ஸ் தூரத்திலிருந்து பேர்பெச்சுவாவைப் பார்த்து, மன்னித்துவிட்டேன் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

அவள் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் இலக்கக்காரன் திரும்பும் இடமெல்லாம் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதினான். நிற்க நினைத்த இடத்தில் நிற்காமல் தன்னுடைய ஆட்களையே தள்ளி விழுத்தினான். ஏழு தடவை விழுந்தான். ஏழாவது தடவை அவள் நின்ற மூலைக்கு முன்னாலேயே மல்லாந்து விழுந்து, மேலே பார்த்து, அவளை அடையாளம் கண்டு, வெட்கத்தோடு சிரித்தான். ஊரில் அவள் கும்பிட்ட மடுமாதா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டு இருக்கிறா, அதுவும் ஐஸ் மண்டபத்தில் பார்க்கிறா என்று தோன்றியது.

இடைவேளையில் நேரே போய் அவன் கையைப் பிடித்தாள்.

“கழற்று.”

“என்ன?”

“சப்பாத்தைக் கழற்று. வேறு தருகிறேன்.”

வலப்பக்கத் தட்டிலிருந்து, தன் கையால் இரண்டு தடவை தீட்டிய சோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், “முதல் சோடி மொட்டை. எனக்குத் தெரிந்துதான் தந்தேன்” என்றும் சொல்லிவிட்டாள்.

அவன் குனிந்து சப்பாத்தின் பூட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:

“எங்கள் ஊர் மண்டபத்திலும் ஒரு அம்மா இருக்கிறார். வெளியூர்க்காரர் கேட்டால் எல்லாச் சோடியும் மொட்டையாகத்தான் கொடுப்பார். நீங்கள் பரவாயில்லை.”

இரண்டாம் பகுதியில் அவன் ஒரு கோல் போட்டான். மூன்றாம் பகுதியில் இன்னொன்று. நெட்டையன் ஒன்று. மூன்றுக்கு மூன்று. ‘வெற்றி ஆண்டு’ துணியின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து, ‘ஆண்டு’ மட்டும் நேராகத் தொங்கியது. யாரும் அதைச் சரிசெய்ய எழும்பவில்லை. அப்படியிருந்தும் பார்த்தசாரதி, “ட்ரா போதும் ஆன்ட்டி, ட்ரா போதும், கணக்கு இன்னும் நம்ம பக்கம்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கும்போது பனிமுயல்களின் தலைவன் ஒன்பதாம் இலக்கக்காரனைக் காலில் தட்டி விழுத்திவிட்டான். நடுவர் கையை நீட்டினார். தண்டனை அடி. ஒன்பதாம் இலக்கக்காரன் தனியே வருவான், அனுஜன் தனியே நிற்பான். வேறு ஒருவரும் இல்லை.

அவன் வந்தான். பேர்பெச்சுவா தீட்டிய அலகு ஐஸைச் சீவும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. என்ன சுத்தமான சத்தம்! தன் கைவேலையைத் தானே சபித்துக்கொண்டு நின்றாள். அவன் இடப்பக்கம் சாய்ந்தான், வலப்பக்கம் மாறினான், மறுபடி இடப்பக்கம். அனுஜனுக்கு இந்த வித்தையெல்லாம் விளங்கவில்லை. முதல் சாய்விலேயே கால் பின்னி, கோலுக்குக் குறுக்கே பாய் விரித்தமாதிரி நீட்டிக் குப்புற விழுந்துவிட்டான். எழும்பப் பார்த்தான், தலையணைக் கட்டுகள் விடவில்லை. வட்டு வந்து, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் சப்பாத்தின் குதியில் ‘டொக்’ என்று பட்டு, கோலுக்கு வெளியே போனது. மூன்றுக்கு மூன்று என்றே ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. மேளத்தின் தோல் கிழிந்தது என்பது உண்மை. பார்த்தசாரதியின் இரண்டு குல்லாவும் ஐஸில் கிடந்தன. கியூப்பேர்ஸ் பேர்பெச்சுவாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்; அவள் அதை வீட்டில் ஒரு கன்னம் என்றுதான் சொன்னாள். அனுஜன் முகக்கவசத்தைக் கழற்றியதும் அவள் சுவருக்கு மேலால் எட்டி, “வடிவாத் தடுத்தாய் தம்பி!” என்று கத்தினாள்.

“நான் விழுந்தனான் அன்ரி,” என்றான் அவன்.

“அதுதான் ராசா, அதைத்தான் சொல்லுறன். என்ன வடிவா விழுந்தாய்!”

ஹோல்ஸ்பாஹ் பெடியன்கள் பன்னிரண்டு சோடியையும் துடைத்து, சோடி சோடியாக மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மேலாளர் விஷயத்தைக் கேட்டுப் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஈரமாக ஒன்றும் தட்டில் ஏறவில்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அதோடு விட்டுவிட்டார்.

ஆட்டம் நடந்த அன்றிரவு அவள் வீட்டுக்கு வந்தபோது லோறன்ஸ் அடிப்பிடித்த கறியை வேறு சட்டிக்கு மாற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

“வெண்டினமோ?”

“இல்லை.”

“அப்ப தோத்திட்டினம்.”

“அதுவும் இல்லை.”

“பிறகென்னத்துக்கு உந்தச் சிரிப்பு?”

அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேசை முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காலுறைகளை, இரண்டு தட்டுகளை, மொட்டைச் சோடியை, மடுமாதாவை, இடைவேளையில் மாற்றிக் கொடுத்ததை. லோறன்ஸ் அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

“அந்த ஒன்பதுக்கு மாத்திக் குடுக்காட்டில், எங்கடை ஆக்கள் வெண்டிருப்பினம் என்ன?”

‘எங்கடை ஆக்கள்’ என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஓம். வெண்டிருப்பினம்.”

லோறன்ஸ் கறியை ஒரு சுற்றுக் கிண்டினார். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மாத்தத்தான் வேணும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மூண்டாம் பகுதியிலை மாத்தியிருக்கலாமே?”

“பஸ்ஸிலை வரேக்கை எனக்கும் அந்த யோசினைதான்,” என்றாள் பேர்பெச்சுவா. அவள் எழும்பி மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள்.